ஐந்து வயது செம்பிக்கு வீடு தேடுவது எப்படி?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கத்தில் ஒரு சிறிய நாய்க் காப்பகத்தில் ஞாயிறுதோறும் உதவிக்குப் போகிறேன். செம்பி என்று ஒரு பெண் நாட்டு நாய் இருக்கிறது. வயது ஐந்து இருக்கும், எடை 16 கிலோ. இரண்டு வருடமாகக் கூண்டில்தான் இருக்கிறாள். கருத்தடை ஆகிவிட்டது, ஊசியும் போட்டிருக்கிறது. யாரையும் கடித்ததில்லை, குரைப்பதே அபூர்வம். வருகிறவர்கள் எல்லோரும் குட்டி நாய்தான் கேட்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கமோ பாலக்காட்டுப் பக்கமோ அவளுக்கு நல்ல வீடு தேட என்ன செய்ய வேண்டும்?

பதில்:

விளம்பரம் போடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. செம்பி நிஜமாகவே சாதுவா, இல்லை பயத்தில் உறைந்து கிடக்கிறாளா என்று பார்க்க வேண்டும். கூண்டுக்குள் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டுமே குரைக்காது, தொட்டால் விலகாது, மூலையில் படுத்திருக்கும். ஆனால் பயத்தில் அடங்கிய நாய், புது வீட்டில் இரண்டு மூன்று வாரம் கழித்துத் தைரியம் வந்ததும் வேறு நாயாகத் தெரியும். "சாதுன்னு சொல்லித்தானே குடுத்தீங்க" என்று திரும்பி வருகிற நாய்களில் பல இந்த வகைதான்.

பார்ப்பது இப்படி. கூண்டை விட்டு வெளியே, மற்ற நாய்களின் சத்தம் எட்டாத இடத்துக்குக் கூட்டிப்போய், பத்து நிமிடம் மண்ணை மோப்பம் பிடிக்க விடுங்கள். பிறகு பக்கவாட்டில் உட்கார்ந்து, தோளில் மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். சாதுவான நாய் நெருங்கி வரும், கையை முட்டும், இல்லாவிட்டால் உடம்பைத் தளர்த்தி அப்படியே நிற்கும். பயந்த நாய் அசையாது. வாய் இறுக மூடியிருக்கும், கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரியும், நாக்கு மூக்கை நக்கிக்கொண்டே இருக்கும், தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடும். கையை எடுத்ததும் உடம்பை உதறிக்கொண்டு தள்ளிப்போகும். இந்த அடையாளம் தெரிந்தால் செம்பியை ஒதுக்கவேண்டியதில்லை. வீடு தேடும் வேலையை ஒரு மாதம் தள்ளிப்போட்டு, தினமும் அரை மணி நேரம் ஒரே ஆள் வெளியே கூட்டிப்போனால் போதும். பல நாய்கள் அதிலேயே திறந்துவிடும்.

அடுத்து காது, பாதம், வால், வயிறு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். சாப்பிடும்போது தட்டில் கை வைத்துச் சோதிக்காதீர்கள். அது சோதனை ஆகாது, சீண்டல்தான். நாலடி தள்ளி நின்று கோழித்துண்டு ஒன்றைத் தட்டுப் பக்கம் போடுங்கள். தலையை நிமிர்த்தி வாலை ஆட்டினால் நல்லது. விழுங்கும் வேகம் கூடி, உடம்பு விறைத்தால் சிறு பிள்ளைகள் இருக்கும் வீடு வேண்டாம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மனிதரிடம் சாது என்றால் கோழியிடமும் சாது என்று அர்த்தமில்லை. நம் பக்கத்துத் தோட்டத்துச் சாளைகளில் (தோட்ட வீடுகளில்) கோழி, ஆடு, பூனை மூன்றும் இருக்கும். அதனால் இதை யூகத்தில் விடக்கூடாது. வாரில் பிடித்தபடி 15 அடி தூரத்தில் கோழி மேய்கிற இடத்தில் நிறுத்துங்கள். பார்ப்பாள், அது இயல்பு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பார்வையைத் திருப்புகிறாளா என்பதுதான் கேள்வி. திருப்பினால் பழக்கிவிடலாம். தலையைத் தாழ்த்தி, ஒரு காலைத் தூக்கி, சிலைபோல நின்றால் கோழி வளர்க்கிற வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். பிறகு ஒரு கோழி போனாலும் முதல் பழி அவள்மேல்தான் விழும்.

இதையெல்லாம்விடப் பயன் தருவது, தெரிந்தவர் வீட்டில் இரண்டு இரவு தங்கவைத்துப் பார்ப்பது. டிவி சத்தம், மிக்ஸி, மாடிப்படி, தனியே விட்டால் என்ன செய்கிறாள், இரவு எங்கே போய்ப் படுக்கிறாள் என்று 48 மணி நேரத்தில் தெரிவது, கூண்டு முன்னால் ஆறு மாதம் நின்றாலும் தெரியாது. நீங்கள் எழுதப்போகும் விளம்பரத்துக்கு நல்ல வரிகளும் அங்கிருந்துதான் கிடைக்கும்.

உடம்பு விஷயம். வெறிநோய்த் தடுப்பூசி வருடத்துக்கு ஒன்று. டிஸ்டம்பர், பார்வோ என்ற வைரஸ் நோய்கள், எலிக்காய்ச்சல் எல்லாவற்றுக்கும் சேர்ந்த கூட்டு ஊசியும் வருடா வருடம். மழை அதிகமுள்ள பாலக்காட்டுப் பக்கம் போகிற நாய்க்கு எலிக்காய்ச்சல் பாகம் விட்டுப்போகக் கூடாது. அது மனிதருக்கும் தொற்றக்கூடியது. குடற்புழு மருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை. எல்லோரும் விட்டுவிடுவது உண்ணிக் காய்ச்சல் சோதனையை. உண்ணி கடித்து உள்ளே போன கிருமி மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில்கூட, வெளியே தெரியாமல் இருக்கும். புது வீட்டுக்குப் போன பிறகு சோர்வு, ஈறு வெளுப்பு, மூக்கில் ரத்தம் என்று கிளம்பினால், "நோய் நாயைத் தலையில் கட்டிட்டாங்க" என்ற பேச்சுதான் மிஞ்சும். ரத்த அணு எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள். பிளேட்லெட் குறைந்திருந்தால் டாக்டர் மேற்கொண்டு சோதித்து மருந்து தொடங்கிவிடுவார். இதில் வீட்டுக்கு மாறுவது ஒரு மாதம் தள்ளிப்போனாலும் போகட்டும்.

வயதை "ஐந்து" என்று அடித்துச் சொல்லாதீர்கள். பல்லை வைத்துச் சொல்லும் வயது, நாய் பெரிதாகிவிட்டால் தோராயம்தான். "நான்கிலிருந்து ஆறுக்குள்" என்று சொல்வதே சரி. எடுப்பவருக்கும் அதுதான் நம்பிக்கை தரும்.

இனி படம். கம்பிக்குப் பின்னால் எடுத்த படத்தைப் பார்க்கிறவருக்கு இரக்கம் வரும், ஆனால் தன் வீட்டு வாசலில் அந்த நாயைக் கற்பனை செய்ய முடியாது. காலை ஏழு எட்டு மணி வெளிச்சத்தில், நீங்கள் தரையில் உட்கார்ந்து, அவள் கண் உயரத்துக்குக் கேமராவை இறக்கி எடுங்கள். ஒரு படத்திலாவது மனிதக் கையோ காலோ பக்கத்தில் இருக்கட்டும், அளவு புரியும். அதோடு 30 விநாடி வீடியோ: வாரில் இழுக்காமல் நடப்பது, கையிலிருந்து மெதுவாக பிஸ்கட் வாங்குவது, ஒரு ஆள் பக்கத்தில் வந்து படுப்பது. பாட்டு சேர்க்க வேண்டாம், அந்த இடத்துச் சத்தமே போதும். சுற்றியுள்ள கூச்சலுக்கு நடுவிலும் அவள் அமைதியாக இருப்பது அதில்தான் தெரியும்.

எழுத்து இந்த மாதிரி இருந்தால் போதும் (குண விவரங்களை நீங்கள் பார்த்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்):

"செம்பி. பெண், நான்கிலிருந்து ஆறு வயதுக்குள், 16 கிலோ, முழங்கால் உயரம். கருத்தடை ஆகிவிட்டது. ஊசிப் புத்தகம் இருக்கிறது. வாரில் இழுக்காமல் நடப்பாள். ஆள் உட்கார்ந்தால் காலடியில் வந்து படுப்பாள். வேறு நாயோடு ஒத்துப்போவாள். பட்டாசுக்குப் பயம். காவலுக்கு ஏற்றவள் அல்ல. வீட்டுக்குள் படுக்க இடம் தருகிறவர்கள் மட்டும் பேசவும்."

குறையை மறைக்காமல் எழுதுவதில் ஒரு லாபம் உண்டு. பொருந்தாதவர்கள் அழைக்கவே மாட்டார்கள். தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று என்று தனித்தனியாகப் போடுங்கள். சித்தூர் தாலுகாவில் தமிழ் பேசும் வீடுகள் ஏராளம் என்றாலும், பாலக்காடு டவுன் பக்கம் போனால் மலையாளம்தான் எட்டும். "இவளுக்கு யாருமில்லை, கடைசி வாய்ப்பு" என்று அழவைக்கிற வாசகங்கள் வேண்டாம். கண்ணீரில் எடுத்த முடிவு காலையில் மலத்தை அள்ளும்போது கரைந்துவிடும்.

ஒட்டவேண்டிய இடங்களில் வாட்ஸ்அப் குழுவைவிட நான் முதலில் வைப்பது கால்நடை மருத்துவரை. எந்த வீட்டில் வயதான நாய் போன மாதம் செத்தது, எந்த வீட்டில் நாயை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். தமிழ்நாட்டுப் பக்கம் கால்நடை மருந்தகம், கேரளப் பக்கம் மிருகாசுபத்திரி, இரண்டு இடத்திலும் ஒரு படமும் உங்கள் எண்ணும் கொடுத்துவையுங்கள். அடுத்தது பால் சொசைட்டி. காலையும் மாலையும் ஊரே வந்துபோகிற இடம் அது.

செம்பிக்கு எந்த வீடு பொருந்தும்? பகலில் ஒரு ஆளாவது இருக்கிற வீடு. ஓய்வு பெற்ற தம்பதி, வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர், கருத்தடை ஆன அமைதியான ஆண் நாய் ஏற்கெனவே இருக்கிற குடும்பம். குட்டியை வளர்த்துச் சலித்தவர்களிடம் பெரிய நாயின் அருமையை எளிதில் சொல்லலாம்: செருப்பு கடிக்கும் பருவம் முடிந்துவிட்டது, இன்னும் எவ்வளவு வளருமோ என்ற கேள்வி இல்லை, குணம் எப்படி வருமோ என்ற சந்தேகம் இல்லை. வந்த நாளிலேயே எதிரில் நிற்பதுதான் முழு நாய்.

எந்த வீடு பொருந்தாது என்பதும் தெளிவு. உங்களுக்கு வரும் அழைப்பில் நிறைய "தோப்புக் காவலுக்கு வேணும்" என்றிருக்கும். தேங்காய்க் களத்தில் கட்டிப்போட ஒரு நாய் என்பதுதான் அதன் பொருள். குரைக்காத நாயைக் காவலுக்குக் கட்டினால் அவளுக்கும் நரகம், அவர்களுக்கும் ஏமாற்றம். ஆனைமலை அடிவாரம், டாப்ஸ்லிப் போகும் வழி, மலம்புழா, வாளையார் காட்டோரம் என்றால் இன்னொரு ஆபத்தும் சேரும்: இரவில் வெளியே கட்டிய நாயைச் சிறுத்தை தூக்கிப்போகும். சங்கிலி இருப்பதால் நாயால் ஓடவும் முடியாது. காட்டோர வீடு என்பதற்காக வேண்டாம் என்று சொல்லவேண்டியதில்லை. இரவு கதவுக்கு உள்ளே படுக்கவைப்பார்களா என்பதை மட்டும் உறுதி செய்யுங்கள். பன்றிக்கு வைக்கிற வெடி, கண்ணி, மின்வேலி, எலிமருந்து இவை அந்தத் தோட்டத்திலோ பக்கத்துத் தோட்டத்திலோ உண்டா என்றும் நேராகக் கேளுங்கள்.

பேசும்போது "நாய் பிடிக்குமா" என்று கேட்டால் எல்லோரும் பிடிக்கும் என்றுதான் சொல்வார்கள். இப்படிக் கேளுங்கள்: ராத்திரி பத்து மணிக்கு அவள் எங்கே படுத்திருப்பாள்? பழனிக்கோ சபரிமலைக்கோ கல்யாணத்துக்கோ குடும்பமே கிளம்பினால் சோறு யார் வைப்பது? முன்னால் வளர்த்த நாய் என்ன ஆனது? வீட்டில் யாருக்கு நாயென்றால் பயம்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை மிகக் கவனமாகக் கேளுங்கள். மகன் ஆசைப்பட்டுக் கேட்பார், பகல் முழுக்க வீட்டில் இருக்கப்போவது அவருடைய அம்மா. அந்த அம்மாவிடம் ஒருமுறை பேசாமல் முடிவு செய்யாதீர்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரர் சம்மதம் எழுத்தில் வேண்டும்.

வீட்டைப் போய்ப் பாருங்கள். மதில் ஐந்து அடியாவது இருக்கட்டும். கேட்டின் அடி இடைவெளி நாலு அங்குலத்துக்கு மேல் இருந்தால் பலகை வைத்து அடைக்கச் சொல்லுங்கள். கிணற்றுக்கு மூடியோ சுவரோ உண்டா, பூச்சிமருந்து எங்கே வைத்திருக்கிறார்கள், மார்ச்சிலிருந்து மே வரை வெயிலில் நிழல் எங்கே விழுகிறது, ஜூன் மழையில் சாரல் அடிக்காத மூலை உண்டா என்று பாருங்கள்.

பேப்பர் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊசிப் புத்தகம், கருத்தடைச் சான்று, எடுப்பவரின் முகவரி அடையாளச் சான்றின் நகல், ஒரு பக்க ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் நான்கு வரி முக்கியம்: நாள் முழுக்கக் கட்டிப்போடக் கூடாது, இன்னொருவருக்குக் கைமாற்றக் கூடாது, முடியவில்லை என்றால் காப்பகத்துக்கே திருப்ப வேண்டும், நாங்கள் வந்து பார்க்கலாம். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இன் 11-ஆம் பிரிவில், பசியிலோ தாகத்திலோ வாடும்படி விலங்கைக் கைவிடுவதும், குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும் குற்றம். தத்தெடுத்த தெருநாயை மறுபடி தெருவில் விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில் சொல்லியிருக்கிறது. கேரளப் பக்கம் போனால் பஞ்சாயத்தில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். வெறிநோய் ஊசிச் சான்று இல்லாமல் அது நடக்காது. அடுத்த வருட ஊசிச் செலவை எடுப்பவரே முன்கூட்டிக் கட்டட்டும் என்பது என் கருத்து. அந்தச் சிறு தொகைக்கே தயங்குபவர், காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போகமாட்டார்.

நாய்க்கடிச் செய்திகளால் பயந்திருக்கும் குடும்பத்துக்கு ஒரு விஷயம் தெளிவாகச் சொல்லிவையுங்கள். ஊசி போட்ட நாயானாலும் பல்லோ நகமோ பட்டுத் தோல் கிழிந்தால், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நாயை 10 நாள் கவனிக்க வேண்டும். இதைச் சொன்னால் பயந்து ஓடிவிடுவார்கள் என்று மறைக்க வேண்டாம். என்ன செய்வதென்று தெரிந்தவருக்குத்தான் பயம் குறையும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. செம்பிக்கு வெடிச்சத்தம் ஆகாது என்று தெரிந்தால் தீபாவளிக்கு முன்னும் பின்னும் இரண்டு வாரம் வேண்டாம். நெம்மாறைப் பக்கம் என்றால் ஏப்ரல் முதல் பாதியும் வேண்டாம். வல்லங்கி வேலா என்ற கோயில் திருவிழாவின் வெடிக்கெட்டு (வாணவேடிக்கை) முடிந்த சில நாளில் விஷுப் பட்டாசு வந்துவிடும்.

காலையில் கூட்டிப்போங்கள். காரில் போவதற்கு நாலு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிட்டால் வாந்தி வராது. கழுத்தில் ஒரு பெல்ட், மார்பில் ஒரு ஹார்னஸ், இரண்டுக்கும் தனித்தனி வார், இரண்டும் ஒரே ஆள் கையில். பயந்த நாய் பின்வாங்கித் தலையை உருவினால் கழுத்துப் பெல்ட் கழன்றுவிடும். காப்பக நாய்கள் கார்க் கதவு திறக்கும் அந்த நொடியில் ஓடித் தொலைந்துபோவது உண்டு. பெல்ட்டில் புது வீட்டு எண்ணையும் உங்கள் எண்ணையும் எழுதிய தகடு அன்றைக்கே இருக்க வேண்டும். அவள் படுத்த பழைய சாக்கைத் துவைக்காமல் கூடவே கொடுங்கள்.

முதல் மூன்று நாள் ஒரு மூலை, ஒரு தட்டு, ஒரே வழி. குளிப்பாட்டக் கூடாது, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டக் கூடாது. முதல் நாள் சாப்பிடாமல் இருந்தால் பதற வேண்டாம். 48 மணி நேரம் தாண்டியும் சாப்பிடாவிட்டால், அல்லது ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காவிட்டால், டாக்டரிடம் காட்ட வேண்டும். பழைய சாப்பாட்டையே ஒரு வாரம் கொடுத்து, அடுத்த வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம். 16 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 850 முதல் 900 கலோரி போதும். உலர் தீவனம் என்றால் சுமார் 250 கிராம். வீட்டுச் சாப்பாடு என்றால் 300 கிராம் சாதம், எலும்பில்லாத வேகவைத்த கோழி 250 கிராம், ஒரு முட்டை, எல்லாம் இரண்டு வேளைக்குப் பிரித்து. வீட்டுச் சாப்பாடு மட்டும் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து போதாது, அளவை டாக்டரிடம் கேட்கட்டும். நாம் சாப்பிடும் குழம்பைப் பிசைந்து வைக்கக் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுவைச் சிதைக்கும். வெந்த எலும்பும் வேண்டாம்.

சிறுநீர் விஷயத்தில்தான் குடும்பங்கள் மனம் உடைகின்றன. மண் தரை இருக்க, நேராகப் போர்டிகோ சிமென்டில் போவாள். அடம் என்று நினைத்துவிடுவார்கள். இரண்டு வருடம் சிமென்ட் தரைதான் அவளுக்குக் கழிப்பிடம். கால் பழகிய தரையைத் தேடிப் போகிறாள், அவ்வளவுதான். எழுந்ததும், சாப்பிட்டதும், தூங்கும் முன்னும் வாரில் மண்ணுக்குக் கூட்டிப்போய்ப் பத்து நிமிடம் சும்மா நிற்க வேண்டும். போன உடனே, வீட்டுக்குள் வந்த பிறகு அல்ல, அங்கேயே ஒரு துண்டு கோழி கொடுக்க வேண்டும். சிமென்டில் போன இடத்தை வினிகர் கலந்த தண்ணீரால் துடைக்கட்டும். அடித்தால் யாரும் பார்க்காத இடத்தில் போகத்தான் பழகுவாள்.

மொழியும் ஒரு விஷயம். காப்பகத்தில் மலையாளத்தில் பேசிப் பழகிய நாய்க்கு "இரி" என்றால் உட்கார். தமிழ் வீட்டில் "இரு, இரு" என்றால் கொஞ்சம் பொறு. வாசலில் "செம்பி, இரு" என்று சொல்ல அவள் பொத்தென்று உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பாள். சொன்னவருக்கு ஒன்றும் புரியாது. "வா" இரு மொழிக்கும் பொது, பிரச்சினையில்லை. அவள் அறிந்த ஏழெட்டுச் சொற்களை, நீங்கள் சொல்லும் ஒலியிலேயே, ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மொத்த வீடும் அதையே சொல்லட்டும்.

ஒருவேளை வெளியே ஓடிவிட்டால் துரத்தக் கூடாது, கூட்டம் சேர்த்துக் கூவக் கூடாது. அரண்டுபோன நாய் பெரும்பாலும் பக்கத்திலேயே பதுங்கி, ஆளடங்கிய இரவிலோ விடியற்காலையிலோதான் நகரும். ஓடிய இடத்தில் அந்தப் பழைய சாக்கையும் மணமுள்ள சாப்பாட்டையும் வைத்துவிட்டு, உடனே உங்களை அழைக்கச் சொல்லுங்கள். அவளுக்குப் பழகிய குரல் உங்களுடையதுதான்.

நீங்கள் அழைக்க வேண்டிய நாட்கள்: அன்று சாயங்காலம், மூன்றாம் நாள், பத்தாம் நாள், ஒரு மாதம், மூன்று மாதம். "எப்படி இருக்கா" என்றால் "நல்லா இருக்கா" என்றுதான் பதில் வரும். "இன்னிக்கு எங்கே படுத்திருக்கா, ஒரு படம் அனுப்புங்க" என்று கேளுங்கள்.

பொருந்தாமல் திரும்பினால் ஒரு வார்த்தையும் கடிந்து பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள். திட்டு விழும் என்று பயந்த குடும்பம் உங்களை அழைக்காது, ஏதாவது ரோட்டோரத்தில் இறக்கிவிட்டுப் போய்விடும். முடிந்தால் செம்பியின் கூண்டைப் பத்து நாளாவது வேறு நாய்க்குக் கொடுக்காமல் வையுங்கள். நாலாம் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு அவர்கள் தயங்கித் தயங்கி அழைத்தால், "கூட்டிட்டு வாங்க, இடம் இருக்கு" என்று உடனே சொல்ல முடிய வேண்டும்.